ஈரத் துவாய் போடும் வேலை

2009 ஆகஸ்ட் 24

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் பத்மாசனி எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதுவதில்லை என்பதால், தங்கச்சி கஜந்தி எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இருமல் விட்டதா? போனில் கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்" வந்து சேர்வதற்குள் என் கார்ட் முடிந்துபோகும். கடிதம் என்றால் நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் வேலை மாறிய செய்தி. ஷார்ஜாவில் நான் இருந்த வீட்டு மேடம் பிள்ளைகளோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். என் விசாவுக்குப் பொறுப்பான கபீல் நல்ல மனிதர், கையெழுத்துப் போட்டு என்னை ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு மாற்றிவிட்டார். இப்போது நான் இருப்பது ஒரு தீவில். தீவு என்றதும் நம் பக்கத்துத் தீவுகளை நினைக்க வேண்டாம். கடலின் அடியில் கிடந்த மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி, குவித்து, அதன் மேல் வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் வெள்ளை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் கடலைப் பார்த்த மேல்மாடம். நோன்பு மாதம் என்பதால் பகலில் எங்கும் ஒரு சத்தமும் இல்லை. நான் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது என்று இங்கே கூட வேலை செய்யும் சரோஜா சொல்கிறாள். அவள் ராமநாதபுரத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம், நல்லவள்.

அத்தான், இந்த ஹோட்டலில் விருந்தாளி ஒருவர்கூட இல்லை. வந்ததும் இல்லை. வீடுகளை விற்க முடியாமல் கம்பெனி தவிக்கிறது. ஆனால் பின்னேரத்தில் வாங்க விரும்புகிறவர்களை ஒரு படகில் ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்கள் பார்க்கும்போது ஆள் நிறைந்த இடமாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் நாங்கள். காலையில் துவாய்களை நனைத்துப் பிழிந்து மேல்மாடங்களில் போடுவோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம். மேசையில் பாதி குடித்த மாதிரி தேத்தண்ணிக் கோப்பை வைப்போம். விரிப்பைக் கசக்கி, தலையணையைக் கையால் அமுக்கித் தலை வைத்த பள்ளம் செய்வோம். பொழுது சாயும்போது விளக்குகளைப் போட்டுக்கொண்டே போவோம். "இல்லாத துரைக்கு எச்சி டீ வைக்கிற பொழப்பாப் போச்சுக்கா நமக்கு" என்று சரோஜா சிரிப்பாள். நானும் சிரித்தேன். முதல் வாரம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

குடும்பங்களுக்கென்று கட்டிய வீடுகளில் பிள்ளைகளின் சாமான்களும் வைக்க வேண்டும். மணல் அள்ளும் வாளி, பந்து, வாசலில் சின்னச் செருப்பு. என் பங்கில் கடைசி வீடு அப்படிப்பட்டது. நீலச் செருப்பு ஒரு சோடி தந்திருக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். அதை வாசலில் வைக்கும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வைக்கிறேன்.

இனி நீங்கள் எழுதிய விசயம். எனக்குப் பதிலாக நீங்கள் காணியை விற்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவப் பத்திரம் கிடைத்தது. காணி அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது என்பதால் என் கையொப்பம் இல்லாமல் நீங்கள் விற்க முடியாது, தெரியும். புன்னைமுனைக் கரை முழுவதையும் ஹோட்டலுக்காக வாங்குகிறார்கள், மற்ற வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் சம்மதித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றும் சொன்னார்களாம். எனக்கு மறுப்பு இல்லை, அத்தான். சுனாமியில் நம் பிள்ளை தாரகன் போனதற்குப் பிறகு நீங்கள் கடலில் இறங்கவில்லை. நான் விமானத்தில் ஏறிவிட்டேன். நாம் இருவரும் பார்க்க முடியாத ஒரு காணியை யாருக்காகக் காத்து வைத்திருக்க வேண்டும்? விற்றுவிட்டுச் செங்கலடிப் பக்கம், கடல் சத்தம் கேளாத இடத்தில் ஒரு வளவு பாருங்கள். பெருநாள் விடுமுறையில் தூதரகத்துக்குப் போய்க் கையொப்பம் வைத்து அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும். வேலிக்கு அப்பால் தாழைப் பற்றைக்குக் கீழே அவன் கிடக்கும் இடத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டீர்களா? அன்றைக்குச் சுடலைவரை தூக்கிப்போக வழியில்லாமல் அங்கேயே வைத்தோம். விட்டுக் கட்டுவார்கள்தானே. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

கஜந்தி தன் மாதர் சங்கக் கதையையும் எழுதியிருந்தாள். வீட்டுக்கு ஓர் அறையைத் துப்புரவாக்கி வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கப் போகிறார்களாம். அவளுடைய சொதியைக் குடிக்க யார் கப்பல் ஏறி வரப்போகிறார்கள் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்மாசனி


2009 அக்டோபர் 30

அன்பின் அத்தானுக்கு,

கந்தசட்டிக்கு விரதம் பிடித்தீர்களா? நான் பிடித்தேன், இங்கே கோயில் இல்லாவிட்டால் என்ன. பத்திரம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பெருநாள் விடுமுறை கிடைத்தது. தூதரகத்துக்குப் போகவில்லை. காரணத்தை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், எனக்குப் பைத்தியம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

அந்தக் கடைசி வீட்டில் செருப்பை நான் எப்போதும் சுவரோரம் ஒட்டி வைப்பேன். ஒரு நாள் காலையில் போனபோது அது வாசற்படியின் நடுவில் கடலைப் பார்த்துக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று எடுத்து வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. உள்ளே மணல் அப்பியிருந்தது. சரோஜாவின் விளையாட்டு என்று அவளைப் பிடித்து ஏசினேன். அவள் தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். காவலுக்கு இருப்பவர் மாயாண்டி அண்ணன், அவளுடைய ஊர்ப்பக்கத்து மனிதர். அந்த வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடமும் இல்லை. என் இடுப்பில்தான் இருக்கிறது.

பிறகு துவாய். நான் போட்ட துவாய் இந்த வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. அந்த வீட்டுத் துவாய் மட்டும் நான் நனைக்கப் போகும்போதே நனைந்திருக்கும். முகர்ந்து பார்த்தேன். நாங்கள் நனைப்பது குழாய்த் தண்ணீர், அதில் மருந்து வாடைதான் வரும். இதில் கடல் வாடை. அதுவும் இங்கத்தைக் கடல் இல்லை. இந்தத் தீவுக்குள் அடைபட்ட தண்ணீர் அசையாமல் கிடந்து ஊத்தை நாற்றம் அடிக்கும், அதில் மீன்கூட இல்லை. துவாயில் வந்தது நம் களப்பு கடலோடு சேரும் முகத்தில் வாடைக் காற்றுக்கு வரும் வாடை. எனக்குத் தெரியாதா, அத்தான். அவனைக் குளிக்க வார்த்து எத்தனை தரம் துவட்டியிருப்பேன்.

நான் பயப்படவில்லை. அதுதான் எனக்கே புதினமாக இருக்கிறது. சரோஜா அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. மத்தியானத்தில், நிழல்கூட விழாத வெளிச்சத்தில், எல்லா வீட்டு வாசலும் திறந்து கிடக்க, ஒரு காகமும் இல்லாத அந்த இடத்தில் நான் தனியாக நின்று துவாய் பிழிகிறேன். முதுகுப் பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் போய்விடுமோ என்று நினைப்பு.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். உச்சி நேரத்தில் ஒரு வயதான அரபுக்காரர் தன் வள்ளத்தை ஓட்டிக்கொண்டு வந்து, அலைதடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். வலை போடமாட்டார். மாயாண்டி அண்ணன் "மாஃபி பாபா, மாஃபி", இங்கே கூடாது என்று கையை ஆட்டித் துரத்துவார், அதுதான் அவருக்கு டியூட்டி. கிழவருடைய தகப்பன் காலத்திலிருந்து மீன் கூடு இறக்கிய இடம் இதுதானாம். கூடுகள் இந்தத் தீவுக்கு அடியில் கிடக்கின்றனவாம். "புடிக்க விடாட்டிப் போவுது, பாக்கவாச்சும் விடுங்கிறாரு தங்கச்சி, நா என்னத்தச் செய்ய" என்று மாயாண்டி அண்ணன் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அந்தக் கிழவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கரையில் பிறந்த ஓர் ஆள் இந்தத் தீவில் வேலை செய்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நம் கரையில் கட்டினாலும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்பது பேச்சுக்குத்தான். துவாய் நனைக்க எங்கிருந்தாவது இன்னொரு பத்மாசனியைக் கொண்டுவருவார்கள்.

இனித்தான் முக்கியமானது. போன மாதம் எங்களை விற்பனை மண்டபத்தில் கண்ணாடி துடைக்க விட்டார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கம்பெனி கட்டப்போகும் இடங்களை மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் துடைத்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் முனை, அத்தான். களப்பு வாய், பக்கத்தில் முதுகு காட்டிப் படுத்திருக்கும் நம் மூன்று பாறை, எல்லாம் அச்சாக இருக்கிறது. உங்களிடம் பத்திரம் கேட்பவர்களுக்குப் பின்னால் நிற்பது இதே கம்பெனிதான். அந்த மாதிரியில் நம் வீடு இல்லை. ஒரு வீடும் இல்லை. அம்மன் கோயில் இல்லை, வள்ளம் இழுத்து வைக்கும் இடம் இல்லை. தாழைப் பற்றை இருந்த இடத்தில் நீச்சல் குளம். நீலக் கண்ணாடி வைத்து, அடியில் விளக்குப் போட்டு எரிய விட்டிருக்கிறார்கள்.

குளத்தைச் சுற்றிச் சாய்வுக் கதிரைகளில் விரல்நுனி அளவு வெள்ளைப் பொம்மைகள் படுத்திருந்தன. ஒன்று மட்டும் அவற்றை விடச் சின்னது. பிள்ளை. குளத்தின் விளிம்பில் தனியாகக் கடலைப் பார்த்து நின்றது. அடுத்த கிழமை துடைக்கப் போனேன். அந்தப் பிள்ளை திரும்பி நின்றது, நம் வீடு இருக்க வேண்டிய பக்கம். பெட்டி பூட்டித்தான் இருந்தது. திறப்பை வைத்திருக்கும் மனேஜரிடம் கேட்டதற்கு, அதை ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அசையாது என்றார்.

காணி கேட்டு வந்தவர்கள் உங்களுக்குக் காட்டிய வரைபடத்திலும் அந்த இடம் நீலமாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்கு எழுதவில்லை. கோபம் இல்லை. நானும் ஆகஸ்டில், விட்டுக் கட்டுவார்கள்தானே என்று எனக்கே ஆறுதல் எழுதிக்கொண்டவள்தான்.

கஜந்தியின் கடிதமும் வந்தது. நான் கேலி செய்த சொதியைக் குடிக்க இரண்டு ஆசிரியர்கள் வந்து போனார்களாம், புருசன் பெண்சாதி. கண்டல் காட்டுக்குள் துடுப்பு வள்ளத்தில் போய்க் கொக்குப் பார்த்தார்களாம். கடலுக்குள் உயிரோடு வளரும் முருகைக்கல்லில் கால் வைக்கக் கூடாது, கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், ஆமை முட்டையிடும் மாதங்களில் கரையில் விளக்குக் கூடாது என்று சங்கம் சட்டம் போட்டிருக்கிறது. வந்தவர்கள் முகம் கோணாமல் கேட்டார்களாம். கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்து "ஏலேலோ" போட்டு, உள்ளங்கை கொப்பளித்துப் போனார்களாம். வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுக் கிணற்றுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். இங்கே இருந்தவர்களைத் துரத்திவிட்டு, இல்லாதவர்களுக்குத் துவாய் நனைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் எழுதியிருந்தாள். "அத்தான் இன்னும் பொழுதுபட முந்தியே வாசல் படலைக்குக் கொழுக்கியப் போட்டுட்டு, ரெண்டு தரம் இழுத்துப் பாக்கிறார் அக்கா. உள்ள ஆர் இருக்கினம் எண்டு பூட்டுறார்?" அவளுக்கு என்ன தெரியும். அவன் நடக்கத் தொடங்கிய நாளில், கரைக்கு ஓடிவிடுவான் என்று ஆளுயரத்தில் அந்தக் கொழுக்கியை நீங்கள் அடித்ததை நான்தானே பார்த்தேன்.

பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள்,
பத்மாசனி


2009 டிசம்பர் 14

அன்பின் அத்தானுக்கு,

ஏறாவூர்ப் பெண் ஒருத்தி நாளைக்கு ஊருக்குப் போகிறாள். தபாலை நம்பாமல் அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே பத்திரமும் வருகிறது. அதில் என் கையொப்பம் இல்லை. இனியும் இருக்காது.

கம்பெனி தீவை மூடுகிறது. துபாயில் எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், உங்களுக்கும் ரேடியோவில் கேட்டிருக்கும். விற்பனைப் படகு வருவதில்லை. சரோஜாவை சோனாப்பூர்ப் பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப் சமையலுக்கு அனுப்பிவிட்டார்கள், போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். விளக்குப் போட வேண்டாம், துவாய் நனைக்க வேண்டாம், கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார் சூப்பர்வைசர். ஆனாலும் கடைசி வீட்டுத் துவாய் ஈரமாகத்தான் இருந்தது. யாருக்கும் நான் சொல்லவில்லை. எனக்கு டிக்கெட் தருகிறார்கள். இருபத்து மூன்றாம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவேன். நீங்கள் வர வேண்டாம், கஜந்தி வரட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

கையொப்பம் வைக்காததற்காக நீங்கள் என்னோடு கதைக்காமல் இருக்கக்கூடும். இருங்கள். "ம்" என்பதும் இல்லாமல் போனால் எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நான் நினைத்திருப்பதைக் கேளுங்கள். முன் அறையைச் சாந்து பூசி, வருகிறவர்களுக்குக் கொடுப்போம். சங்கத்தின் முறைக்கு நம் வீட்டையும் எழுதச் சொல்லி கஜந்திக்கு எழுதிவிட்டேன். சம்மதித்த வீட்டுக்காரர்களில் முன்பணம் வாங்காதவர்கள் நாம் நின்றால் தாங்களும் நிற்பார்களாம். கரையின் நடுவில் இருப்பது நம் காணி, அது இல்லாமல் அவர்களுக்கு ஹோட்டல் இல்லை. உங்களைக் கடலுக்குப் போகச் சொல்லமாட்டேன். களப்பில் துடுப்பு வள்ளம் வலிக்க ஆள் தேவை என்றாள். களப்பு ஒருவரையும் ஒன்றும் செய்ததில்லை, அத்தான். கண்டலுக்குள் எந்தக் கிளையில் எந்தக் கொக்கு இருக்கும் என்று உங்களைவிடத் தெரிந்தவர் அந்த முனையில் யார்?

தாழைப் பற்றையை மூடி மறைக்க வேண்டாம். சுற்றிவரச் சின்னதாக ஒரு வேலி போடுவோம். வருகிறவர்கள் கேட்டால் சொல்வோம், இங்கே எங்கள் மகன் இருக்கிறான், இந்தப் பக்கம் மிதிக்காமல் போங்கள் என்று. நல்ல மனிதர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். இத்தனை வருடமாக நாம் அவனைப் பற்றி வாய் திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஆட்களிடம் என்றாலும் அவன் பெயரைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

இனி, நேற்று நடந்தது. வீடுகளைப் பூட்டித் திறப்புகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். கடைசி வீட்டுக்குக் கடைசித் தடவையாகப் போனேன். செருப்பு வழக்கம்போலக் கடலைப் பார்த்துக் கிடந்தது. படியில் உட்கார்ந்து அதிலிருந்த மணலைத் தட்டினேன். உள்ளங்கையில் விழுந்த மணலில் கறுப்புப் பொடி மினுங்கியது. நம் கரை மணலில் மினுங்குமே, அதே பொடி. இங்கத்தை மணலில் அது கிடையாது. செருப்பைத் திருப்பி வைத்தேன், கடலுக்கு முதுகு காட்டி. "மனே, இங்க நமக்கு ஒருத்தரும் இல்ல, அம்மா வீட்ட போறன், நீயும் வா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் பெயரையும் சொன்னேன். ஐந்து வருடத்தில் நேற்றுத்தான் சத்தமாகச் சொன்னேன். பிறகு மற்ற வீடுகளைப் பூட்டிக்கொண்டு படகுத் துறைக்கு வந்தேன்.

திறப்பைக் கொடுக்குமுன் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பப் போனேன். துவாய் காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. வாசலில் செருப்பு இல்லை. சரோஜா போய்விட்டாள். மாயாண்டி அண்ணன் என்னோடு படகுத் துறையில்தான் நின்றார். ஒரு சோடி செருப்புக் குறைகிறது என்று சூப்பர்வைசர் கேட்டார். என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

உங்களுக்கு ஆண்டவன் நல்ல சுகத்தைத் தரட்டும். நான் வந்து சேருமுன் எனக்காக ஒன்று செய்யுங்கள், வேறு எதுவும் கேட்கமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து வீட்டிலேயே இருங்கள். பொழுதுபட்டாலும் படலைக்குக் கொழுக்கி போட வேண்டாம். அவனுக்கு இன்னும் கை எட்டாது.

உங்கள்,
பத்மா